போர்க்காலக் கேலிச்சித்திரங்களில் குறியீடு: மைசூர்ப் போர்களும் திருவண்ணாமலை வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த மைசூர்ப் போர்கள் களத்தில் மட்டுமன்றிப் படங்களிலும் நடைபெற்றன. திப்பு சுல்தானின் ஆணைப்படி ஸ்ரீரங்கப்பட்டணத்து வீட்டுச் சுவர்களில் ஆங்கிலேயரைப் பழித்து ஓவியங்கள் தீட்டப்பட்டன. அதே ஆண்டுகளில் இலண்டனில் ஜேம்ஸ் சேயர்ஸ், ஜேம்ஸ் கில்ரே ஆகியோர் இந்தியப் பொருண்மை கொண்ட கேலிச்சித்திரங்களை அச்சிட்டு வெளியிட்டனர். இவ்விருவகைப் படங்களிலும் இடம்பெற்ற புலி, சிங்கம், கயிறு, நாற்காலி, மழை, யானை, தோல்நிறம் ஆகிய குறியீடுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. போரின் பெருஞ்சுமையைத் தாங்கிய ஆர்க்காட்டுச் சீமை, குறிப்பாகத் திருவண்ணாமலை, இப்படங்களில் எவ்வாறு இடம்பெறுகிறது அல்லது மறைகிறது என்பதே இதன் மைய வினாவாகும்.

திறவுச்சொற்கள்: கேலிச்சித்திரம், குறியீடு, அங்கதம், மைசூர்ப் போர்கள், திருவண்ணாமலை, திப்பு சுல்தான், ஆர்க்காட்டு நவாப், ஜேம்ஸ் கில்ரே

முன்னுரை

தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழிலிருந்தே தொடங்குகின்றன. தமிழ் இதழியல் வரலாற்றின் நோக்கில் இது பொருத்தமானதே. ஆயினும் அரசியல் எதிரியைப் படத்தால் பழிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் அச்சு இதழுக்கு முன்பே இருந்தது. அது தாளில் அன்றிச் சுவரில் இருந்தது. தனியொரு ஓவியரின் பெயரால் அன்றி அரசாணையால் எழுந்தது. அமைதிக் காலத்தில் அன்றிப் போர்க்காலத்தில் தோன்றிப் போரின் போக்கிலேயே அழிக்கப்பட்டது.

போர்க்காலப் படங்களை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அணிகலனாகவே கையாளுகின்றன. நிகழ்ச்சியை எழுத்துச் சான்றால் நிறுவிவிட்டு, பக்கத்தை அழகுபடுத்தப் படத்தைச் சேர்க்கும் முறை அது. கேலிச்சித்திரத்தைத் தனிச் சான்றாகக் கொள்ளும்போது வேறு வினாக்கள் எழுகின்றன. யாருக்காக வரையப்பட்டது? எந்த உருவம் எதற்கு ஈடாக நின்றது? எது காட்டப்படாமல் விடப்பட்டது? கடைசி வினா இக்கட்டுரைக்கு முதன்மையானது.

தமிழ் இலக்கண மரபில் இதற்குப் பொருத்தமான கருவி உண்டு. பழிப்பை வெளிப்படையாகக் கூறுவதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழிப்பை உள்ளடக்கிப் பிறிதொன்றாகக் கூறுவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் வழங்குவர். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இவ்வாறு இருவகைப்படுத்துகிறது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு படத்திற்கும் பொருந்துவதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

போர்க்களமாகத் திருவண்ணாமலை

அண்ணாமலையார் கோயில் இன்று கார்த்திகைத் தீபத்தாலும் கிரிவலத்தாலும் அறியப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் படைத்தலைவர்களுக்கு அது ஒரு கோட்டை. உயர்ந்த வெளிமதிலும், நாற்புறமும் எழுந்த கோபுரங்களும், பரந்த பிராகாரங்களும் படைகளைத் தங்கவைக்க ஏற்றவையாக இருந்தன. பாராமகால் மேட்டுநிலத்திலிருந்து செங்கம் கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் பாதையில் முதலில் எதிர்ப்படும் பெரிய ஊர் இதுவே. எனவே மைசூரிலிருந்து கீழிறங்கும் படைக்கும், சென்னையிலிருந்து மேலேறும் படைக்கும் இவ்வூர் தவிர்க்க முடியாததாயிற்று.

1753க்கும் 1790க்கும் இடையில் திருவண்ணாமலை பத்து முறை முற்றுகைக்கு உள்ளானது என்றும், ஆறு முறை கைப்பற்றப்பட்டது என்றும், அவற்றுள் மூன்று முறை நேரடித் தாக்குதலால் வீழ்ந்தது என்றும் ஆங்கிலேய அரசின் விவரச்சுவடி கூறுகிறது. முப்பத்தேழு ஆண்டுகளில் பத்து முற்றுகைகள் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முற்றுகை ஆகும். ஒரே தலைமுறையினர் தம் வாழ்நாளில் பலமுறை இதனைக் கண்டிருப்பர்.

முதல் மைசூர்ப் போரில் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒன்றுசேர்ந்து கீழிறங்கினர். 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மோதல் நிகழ்ந்தது. கர்னல் ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். துணைப்படை வந்துசேர்ந்த பின், அம்மாத இறுதியில் திருவண்ணாமலைக்கு அருகில் நடந்த போரில் கூட்டுப்படை தோற்றது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790ஆம் ஆண்டின் முடிவில் தியாகதுருகத்தைத் தாக்கி வெல்ல இயலாத திப்பு, அங்கிருந்து திருவண்ணாமலைக்கு வந்து அதனைக் கைப்பற்றினார். பின்னர்ப் பெருமுக்கலையும் பிடித்துப் புதுச்சேரிப் பக்கம் சென்று பிரெஞ்சு உதவியை நாடினார். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி, ஆரணி ஆகிய ஊர்களும் இரண்டாம் மைசூர்ப் போரில் முற்றுகையையும் போரையும் கண்டவை.

இவ்வட்டாரம் அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இந்த நவாபே ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில் கேலிப் பொருளாக நின்றவர். திருவண்ணாமலைக்கும் இப்படங்களுக்கும் உள்ள தொடர்பு இங்கிருந்தே தொடங்குகிறது.

சுவரில் எழுந்த பழிப்பு

மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனிப் படையில் பணியாற்றியவரும், பின்னர் மைசூர் அவையில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்தவருமான மார்க் வில்க்ஸ், தென்னிந்திய வரலாறு குறித்த தம் நூலில் இச்சுவர் ஓவியங்களைப் பதிவு செய்கிறார். அந்நூல் 1810க்கும் 1817க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முதன்மைத் தெருக்களில் வீடுகளின் வெளிச்சுவர்களில், சுல்தானின் பொது ஆணைப்படி, ஆங்கிலேயரைப் பழிக்கும் முழுவுருவ ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன என்பது அவர் தரும் செய்தி. அவற்றுள் மூன்றை அவர் விவரிக்கிறார். ஒன்றில் நடுங்கும் ஆங்கிலேயனைப் புலி பற்றுகிறது. மற்றொன்றில் குதிரை வீரன் ஒரே வீச்சில் இரு ஆங்கிலேயத் தலைகளை வெட்டுகிறான். மூன்றாவதில் நவாப் முகம்மது அலி இடுப்பில் கயிற்றுடன் கொண்டுவரப்பட்டு, நாற்காலியில் அமர்ந்த ஆங்கிலேயன் முன் விழுந்து கிடக்கிறார். அவ்வாங்கிலேயன் அவர் கழுத்தின்மீது காலை வைத்திருக்கிறான். மக்களால் மிகுதியும் விரும்பப்பட்ட படங்களை நாகரிகம் கருதி விவரிக்கவில்லை என்றும் வில்க்ஸ் குறிப்பிடுகிறார்.

முதலிரு படங்களும் மூன்றாவது படமும் ஒன்றுக்கொன்று முரண்படுவது கருதத்தக்கது. முதலிரண்டில் ஆங்கிலேயன் அஞ்சுபவன், தலையிழப்பவன். மூன்றாவதில் அவனே ஆண்டான். ஒரே தெருவில் ஒரே எதிரி வலியற்றவனாகவும் வலியவனாகவும் காட்டப்படுகிறான். இம்முரண் தற்செயலானதன்று. முதலிரு படங்கள் மைசூரின் குடிகளை நோக்கிப் பேசுகின்றன: ஆங்கிலேயனை வெல்ல முடியும். மூன்றாவது படம் மைசூரின் அண்டை அரசுகளை எண்ணிப் பேசுகிறது: ஆங்கிலேயனுடன் நட்புக் கொள்பவன் அடிமையாவான். அதன் இலக்கு ஆங்கிலேயன் அன்று, நவாப்.

மூன்றாவது படத்தின் குறியீடுகள் ஒவ்வொன்றும் நுட்பமானவை. இடுப்புக் கயிறு சிறைப்பட்டவனைக் குறிக்கும். விலங்கை இழுத்துச் செல்வதையும் நினைவூட்டும். நாற்காலி ஐரோப்பிய இருக்கை. அரியணையிலோ விரிப்பிலோ அமரும் இந்திய அரசவை மரபில் நாற்காலி என்பது அயலானின் அடையாளம். அயலானின் இருக்கை மேலே, நாட்டு அரசன் தரையில் என்னும் அமைப்பே படத்தின் முழுப்பொருளையும் சொல்லிவிடுகிறது. காலடியில் பகைவனைக் காட்டுவது தமிழ் மெய்க்கீர்த்திகள் வழியாகவும் கோயிற் சிற்பங்கள் வழியாகவும் நன்கறியப்பட்ட வெற்றிக் குறி. இங்கோ காலடியில் கிடப்பவர் பகைவர் அல்லர், நண்பர். வெற்றிக் குறியை நட்பின்மேல் ஏற்றியதில்தான் அங்கதம் பிறக்கிறது.

இப்படத்தை வில்க்ஸ் கேலி என்றே வகைப்படுத்துகிறார். ஆனால் மூன்று படங்களுள் உண்மைக்கு மிக அருகில் நிற்பது இதுவே. போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கம்பெனி அலுவலர்களிடமும் ஐரோப்பிய வணிகர்களிடமும் நவாப் பெருங்கடன் பட்டிருந்தார். இரண்டாம் மைசூர்ப் போரின்போது 1781இல் ஆர்க்காட்டுச் சீமையின் வருவாய் நிர்வாகம் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1785இல் நவாபிடம் திரும்பியது. மூன்றாம் போரின்போது 1790இல் மீண்டும் கம்பெனியிடம் சென்றது. 1801இல் ஆர்க்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. சுவரில் தீட்டப்பட்ட கயிறு பத்தாண்டுகளுக்குள் ஒப்பந்தமாயிற்று. திருவண்ணாமலை வட்டாரத்து உழவர்கள் செலுத்திய நிலவரி யாருக்குச் சென்றது என்னும் வினாவுக்கு, அக்காலப் படங்களுள் விடை தருவது இது ஒன்றே எனலாம்.

சுண்ணாம்புப் பூச்சும் சான்றும்

1791 மே மாதத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, இவ்வோவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைக்குமாறு திப்பு ஆணையிட்டார். இச்செயல் பலவகையில் பொருளுடையது. படங்கள் வெறும் வேடிக்கை என்று கருதப்பட்டிருந்தால் அவற்றை மறைக்க வேண்டிய தேவை எழுந்திராது. நகர் வீழ்ந்தால் அவை குற்றச்சான்றாகும் என்னும் அச்சமே மறைக்கத் தூண்டியது. தீட்டியதைப் போலவே அழித்ததும் ஓர் அரசியற் செயல்.

இதனால் ஆய்வாளர்க்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அவ்வோவியங்களை இன்று காண்பதற்கில்லை. வென்றவரின் உரைநடை வழியாகவே அவை அறியப்படுகின்றன. அந்த உரைநடையும் மக்கள் மிகுதியும் விரும்பியவற்றை நாகரிகம் கருதி விலக்கிவிட்டது. ஆக, தென்னிந்தியாவின் போர்க்காலக் கேலிச்சித்திர மரபில் எஞ்சியிருப்பது இருமுறை மறைக்கப்பட்டதன் மிச்சம்: முதலில் வரையச் செய்தவரின் சுண்ணாம்பு, பின்னர்ப் பதிவு செய்தவரின் கூச்சம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் பாக் மாளிகைச் சுவரோவியம் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததை அது காட்டுகிறது. முற்றுகைக்கு முன் சிதைக்கப்பட்டிருந்த அவ்வோவியத்தை, 1799க்குப் பின் அங்குத் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி மீட்டெடுக்கச் செய்தார். பின்னர் அது மீண்டும் சுண்ணாம்பால் மறைந்தது. 1854இல் அங்கு வந்த டல்ஹௌசி பிரபு அதனை மறுபடியும் தீட்டச் செய்தார். ஆங்கிலேயரின் தோல்வியைக் காட்டும் ஓவியத்தை ஆங்கிலேய ஆட்சியாளரே இருமுறை காத்தனர். முழு வெற்றிக்குப் பின், எதிரியின் பழைய வெற்றி வென்றவரின் பெருமைக்கு அணியாகிவிடுகிறது. தெருச் சுவரின் கேலி அவ்வாறு அணியாக முடியவில்லை. போரோவியம் பிழைத்தது, கேலிச்சித்திரம் பிழைக்கவில்லை.

இலண்டன் அச்சுப்படங்கள்

இதே காலத்தில் இலண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய கேலிச்சித்திரங்கள் கடைகளில் விற்கப்பட்டன. கடைச் சன்னல்களில் அவற்றை ஒட்டிவைப்பது வழக்கம். வாங்க இயலாதோரும் நின்று பார்த்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீட்டுச் சுவரும் இலண்டனின் கடைச் சன்னலும் தெருவில் செல்வோரையே பார்வையாளராகக் கொண்டன. வேறுபாடு ஆணையிடுபவரில் உள்ளது. முன்னதில் அரசு, பின்னதில் சந்தை.

இரண்டாம் மைசூர்ப் போர் முடிவுறாத நிலையில், 1783 டிசம்பர் 5 அன்று ஜேம்ஸ் சேயர்ஸ் வெளியிட்ட படம் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸைக் ‘கார்லோ கான்’ ஆகக் காட்டுகிறது. கீழைநாட்டு உடையணிந்த ஃபாக்ஸ் யானைமேல் அமர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் நுழைகிறார். யானையின் முகம் நார்த் பிரபுவின் முகம். முன்னே எட்மண்ட் பர்க் எக்காளம் ஊதிச் செல்கிறார். கம்பெனியை நாடாளுமன்றக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் ஃபாக்ஸின் மசோதாவை எதிர்த்து இப்படம் எழுந்தது. யானையும் தலைப்பாகையும் இங்கே இந்தியாவைக் குறிக்கவில்லை. ஓர் ஆங்கில அரசியலாளரின் அதிகார ஆசையைக் குறிக்க இந்தியா உவமையாக மட்டும் வருகிறது. ஆர்க்காட்டுச் சீமை பஞ்சத்தாலும் படையெடுப்பாலும் சீரழிந்திருந்த அந்த ஆண்டில், இலண்டனின் இந்தியா ஒரு திருவிழா யானை.

1791 டிசம்பர் 6 அன்று ஜேம்ஸ் கில்ரே வரைந்து வெளிவந்த படம் கார்ன்வாலிஸின் பின்வாங்கலைப் பொருளாகக் கொண்டது. அவ்வாண்டு மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ் மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். உணவுப் பற்றாக்குறை, வண்டிமாடுகளின் சாவு, மழை ஆகியவற்றால் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பருவமழையின் வருகை என்று தொடங்கும் தலைப்பைக் கில்ரே தம் படத்திற்கு இட்டார். படத்திலோ கோட்டை மதில்மேல் நிற்கும் திப்பு சிறுநீர் கழிக்க, அதில் நனைந்தபடி கார்ன்வாலிஸ் ஓடுகிறார்.

இங்குக் குறியீட்டின் அமைப்பு பழிகரப்பு அங்கதத்தைச் சார்ந்தது. தலைப்பு ‘மழை’ என்கிறது. உருவம் ‘இழிவு’ என்கிறது. பின்வாங்கலுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் மழையும் ஒன்று. அக்காரணத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, அம்மழை எங்கிருந்து பெய்தது என்று காட்டுவதன் மூலம் படம் அதனைத் தகர்க்கிறது. திப்புவை இப்படம் புகழவில்லை. கார்ன்வாலிஸைக் குத்துவதற்கான கோலாகவே அவர் பயன்படுகிறார்.

வில்க்ஸ் நாகரிகம் கருதி விலக்கிய சுவரோவியங்கள் எத்தகையவை என்பதை உறுதியாகக் கூற இயலாது. எனினும் ஆங்கிலேயத் தலைமை ஆளுநரின் மேல் எதிரியின் சிறுநீர் விழுவதாகக் காட்டிய படம் இலண்டனில் வெளிப்படையாக விற்பனையாயிற்று என்பது உறுதி. எனவே உடலை இழிவுபடுத்தும் கேலியைக் ‘கீழைநாட்டுக் கொடுங்கோன்மையின் அநாகரிகம்’ என வகைப்படுத்துவது பொருந்தாது. அது இரு தலைநகரங்களுக்கும் பொதுவான போர்க்காலப் படமொழி.

1797 ஜூன் 5 அன்று வெளிவந்த கில்ரேயின் மற்றொரு படம் ‘ரூபாய்ப் பிரபு’ என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் திரட்டியவரும், 1785இல் பர்க்கின் நாடாளுமன்ற உரையில் கடுந்தாக்குதலுக்கு உள்ளானவருமான பால் பென்ஃபீல்டு இதில் இலண்டன் ஹைட் பூங்காவில் குதிரையில் செல்கிறார். பிறப்பால் ஆங்கிலேயரான அவர் முகம் கருநிறமாகத் தீட்டப்பட்டுள்ளது. நவாபின் கடனுக்கு ஈடாக அமைந்தது ஆர்க்காட்டுச் சீமையின் நிலவரி. அந்த வரியால் கொழுத்த ஆங்கிலேயரைப் பழிக்கும்போது, அவரை இந்தியராக நிறம் மாற்றிவிடுகிறது படம். சுரண்டியவர் ஆங்கிலேயர்; பழியின் நிறம் இந்தியருடையது. ஸ்ரீரங்கப்பட்டணத்து மூன்றாவது ஓவியமும் இதுவும் ஒரே உண்மையின் இரு முகங்கள். முன்னது கடன்காரனின் காலைக் காட்டியது. பின்னது அவனது முகத்தை மாற்றியது.

புலியும் சிங்கமும்

மைசூர்ப் போர்களின் படங்களுள் நீண்டு வாழ்ந்த குறியீடு புலி. திப்புவின் அரியணை, படைக்கலம், கொடி, சீருடை ஆகியவற்றில் புலி உருவமோ புலிக்கோடுகளோ இடம்பெற்றன. ஆங்கிலேயனைப் புலி கவ்வுவதாக அமைந்த மரப்பொறி, உள்ளே பொருத்திய இசைக்கருவியுடன், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இலண்டன் கொண்டுசெல்லப்பட்டது. 1808 முதல் கம்பெனித் தலைமையகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அது, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுவரில் சுண்ணாம்பால் மறைந்த முதல் ஓவியத்தின் பொருளை இம்மரப்பொறி இன்றும் தாங்கி நிற்கிறது.

மனிதனும் கொடுவிலங்கும் மோதும் அரசியற் குறி திருவண்ணாமலைக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் வீர வல்லாளன் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்குகிறது. போசளரின் குலச்சின்னத்தில் சளன் என்னும் வீரன் விலங்கைக் கொல்கிறான். திப்புவின் குறியில் விலங்கு மனிதனைக் கொல்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டச் சான்றில்லை. ஆயினும் அரசன் தன்னை மனிதனோடு இனங்காண்கிறானா, விலங்கோடு இனங்காண்கிறானா என்னும் வேறுபாடு குறியீட்டின் திசையையே மாற்றிவிடுகிறது என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலியின் முன் பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் அமைவதும் இங்கு நினையத்தக்கது. வென்றவன் தோற்றவனின் சின்னத்தை அழிப்பதில்லை. தன் சின்னத்தின் அருகில் அடக்கி வைக்கிறான்.

ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்காகக் கம்பெனி வழங்கிய பதக்கம் இம்முறையையே பின்பற்றியது. குக்லர் என்னும் கலைஞர் வடிவமைக்க, பர்மிங்காமை அடுத்த சோஹோ நாணயச்சாலையில் அது அச்சிடப்பட்டது. 1808இல் தகுதிக்கேற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் முதலியவற்றில் வழங்கப்பட்டது. அதன் ஒருபுறத்தில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. மேலுள்ள கொடியில் ‘வெல்லும் இறைச்சிங்கம்’ எனப் பொருள்படும் அரபுத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. அலியின் சிறப்புப்பெயராகிய இத்தொடரையே திப்பு புலிமுக வடிவில் எழுதச் செய்து தம் படைக்கலங்களில் பொறித்திருந்தார். திப்புவின் வழக்கில் சிங்கம் என்னும் சொல் புலியின் முகத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலேயர் அச்சொல்லைப் புலியிடமிருந்து பறித்துத் தம் சிங்கத்திற்குச் சூட்டினர். விலங்கோடு மொழியும் கைப்பற்றப்பட்டது.

பதக்கம் வழங்கப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன் இக்குறியீடு தமிழகத்தில் எதிர்த்திசையில் எழுந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்த சிப்பாய்கள், அங்குச் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு மைந்தர்களின் பெயரால் மைசூர்க் கொடியை ஏற்றினர். அக்கிளர்ச்சியைத் தூண்டியவற்றுள் தோற்சின்னம் பொருந்திய புதிய தலைப்பாகையும் ஒன்று. ஒரு சின்னத்தை அணிய மறுத்தவர்கள் மற்றொரு சின்னத்தை உயர்த்தினர். மைசூர்ப் படையெடுப்புகளால் துன்புற்ற ஆர்க்காட்டுச் சீமையிலேயே, ஏழாண்டுகள் கழித்து, மைசூரின் கொடி எதிர்ப்பின் குறியாயிற்று. குறியீட்டின் பொருள் அதனை உருவாக்கியவரிடம் நிலைத்திருப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1857 ஆகஸ்ட் 22 அன்று ‘பஞ்ச்’ இதழில் ஜான் டென்னியல் வரைந்த படத்தில் பிரித்தானியச் சிங்கம் வங்கப் புலியின்மேல் பாய்கிறது. புலியின் கீழே ஒரு பெண்ணும் குழந்தையும் கிடக்கின்றனர். மைசூர் அரசன் ஒருவனின் சின்னமாக இருந்த புலி இங்கே கிளர்ந்தெழுந்த இந்தியா முழுமைக்கும் ஈடாகிவிட்டது. பதக்கத்தில் இல்லாத பெண்ணும் குழந்தையும் இதில் சேர்ந்தமை, போரைப் பழிவாங்கலாகவும் பழிவாங்கலை அறமாகவும் மாற்றுகிறது. 1791இல் தம் படைத்தலைவரைக் கண்டு நகைத்த இலண்டன் படமொழி, 1857இல் நகைப்பைக் கைவிட்டது. அங்கதம் நீங்கியபின் குறியீடு வெறுப்பின் கருவியாக மட்டும் எஞ்சுகிறது.

காட்டப்படாத ஊர்

இதுவரை கண்ட படங்களில் திப்பு உண்டு, கார்ன்வாலிஸ் உண்டு, நவாப், பென்ஃபீல்டு, ஃபாக்ஸ், பர்க் உண்டு. புலியும் சிங்கமும் யானையும் உண்டு. பத்து முறை முற்றுகையிடப்பட்ட ஊர் இல்லை. மதிலுக்குள் அடைபட்ட மக்கள் இல்லை. படைகளுக்குத் தீனியும் மாடும் இழந்த உழவர் இல்லை. கில்ரேயின் மழையில் நனைபவர் ஆங்கிலேயப் படைத்தலைவர். மாடிழந்தவர்கள் படத்திற்கு வெளியே நிற்கின்றனர்.

இதற்கு ஓவியரின் கல்நெஞ்சம் மட்டும் காரணமன்று. போர்க்காலக் கேலிச்சித்திரம் பகையை இரண்டாகச் சுருக்கியே இயங்குகிறது: பற்றும் விலங்கும் பற்றப்படும் உடலும், மேலிருப்பவனும் கீழ்க்கிடப்பவனும். இரு தரப்புக்கும் இடையில் நின்று இரு தரப்பாலும் அழிந்த மூன்றாமவர்க்கு இவ்வமைப்பில் இடமில்லை. மைசூருக்கும் கம்பெனிக்கும் இடைப்பட்ட திருவண்ணாமலை அத்தகைய மூன்றாமிடம். மூன்றாமவர்க்கு ஓரளவேனும் இடம் தந்தது நவாபின் கழுத்தைக் காட்டிய சுவரோவியம் மட்டுமே. அதுவும் அரசரைக் காட்டியதேயன்றிக் குடியைக் காட்டவில்லை.

‘இந்தியா’ இதழின் பங்களிப்பை இப்பின்னணியில் மீண்டும் மதிப்பிடலாம். 1906 மே மாதம் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, 1910இல் நின்ற அவ்விதழின் கருத்துப்படங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியால் 1994இல் தனிநூலாகத் தொகுக்கப்பட்டன. அவை போர்க்களப் படங்கள் அல்ல. ஆயினும் ஆளுவோரைப் படத்தால் பழிக்கும் உரிமை அரசாணையிலிருந்தும் இலண்டன் சந்தையிலிருந்தும் விலகி, தமிழ் வாசகர் கைக்கு வந்தது அங்கேதான். அவற்றை ஆங்கில இதழ்களின் தாக்கமாக மட்டும் காணாமல், சுண்ணாம்பின் கீழ் மறைந்த பழைய சுவர்களோடும் சேர்த்துக் காண்பது பயனுடையது.

முடிவுரை

மைசூர்ப் போர்க்காலக் கேலிச்சித்திரங்களின் ஒப்பாய்வு நான்கு முடிவுகளைத் தருகிறது. முதலாவது, அரசியல் கேலிச்சித்திரம் தென்னிந்தியாவில் அச்சிதழ்களுக்கு முற்பட்டது. 1791க்கு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தெருக்களில் அது பொதுமக்கள் பார்வையில் இருந்தது. இரண்டாவது, உடலிழிவு சார்ந்த கேலி இரு தரப்புக்கும் பொதுவானது. ஒன்றை அநாகரிகம் என்றும் மற்றொன்றைக் கலை என்றும் பிரிப்பது வென்றவரின் பார்வை. மூன்றாவது, புலி போன்ற குறியீடுகள் கைமாறும்போது பொருளும் மாறுகின்றன; மைசூரின் ஆட்சிச்சின்னம் வேலூரில் எதிர்ப்பாகவும் இலண்டனில் வெறுப்பாகவும் வளர்ந்தது. நான்காவது, படத்தில் இருப்பதைப் போலவே இல்லாததும் சான்றாகும். நவாபின் கழுத்தும் பென்ஃபீல்டின் கருமுகமும் ஆர்க்காட்டுச் சீமையின் வரிப்பணத்தைச் சுட்டுகின்றன. அவ்வரியைச் செலுத்திய ஊர்களின் முகம் எப்படத்திலும் இல்லை.

அம்முகத்தைக் காண ஆய்வாளர் படத்தைவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியுள்ளது. கல்வெட்டுகள், கோயில் ஆவணங்கள், வருவாய்க் கணக்குகள், வட்டாரக் கதைகள் ஆகியவற்றோடு இப்படங்களை இணைத்து வாசிக்கும்போதுதான் போர்க்காலக் குறியீட்டின் முழுப்பொருள் புலப்படும். அண்ணாமலையார் கோயில் மதில் அவ்வகையில் இன்றும் நிற்கும் சான்று. எக்கேலிச்சித்திரக்காரரும் வரையாத போர்க்களம் அது.